பூந்தமல்லியில் நெபுலா அளந்த காலம்

வானத்தில் கிடக்கும் வாயுவின் அடர்த்தியை அளப்பது நல்ல வேலைதான், "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று யாராவது கேட்கும் வரைக்கும். கேட்டுவிட்டால் தொலைந்தோம். வக்கீல், தாசில்தார் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர்கிற பாக்கியசாலிகள் இதைப் படிக்க வேண்டியதில்லை. சொந்த வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல், கல்யாணப் பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தவர்கள் இருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான சமயம் அது. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் உதவியாளராக இருந்தேன். வெளிநாட்டு வானாராய்ச்சிக் கூடம் ஒன்று அவருக்குச் சில கண்ணாடித் தகடுகளை இரவல் கொடுத்திருந்தது. எல்லாம் ஒரே ஒரு சுருள் நெபுலாவின் போட்டோக்கள். நம் பால்வீதியைப் போல அதுவும் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். தீபாவளிச் சக்கரம் மாதிரி கைகளை வீசிக்கொண்டு சுற்றுகிறது. அந்தக் கைகளில் அங்கங்கே ஹைட்ரஜன் வாயு மேகம் மேகமாகத் திரண்டு கிடக்கிறது. புது நட்சத்திரங்கள் பிறப்பது அங்கேதான். பிறந்த நட்சத்திரங்களின் சூட்டில் மேகம் சிவப்பாக ஒளிவிடும். அந்தப் பிரகாசம் எவ்வளவு என்று தெரிந்தால், வாயு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். போட்டோத் தகட்டில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் கறுப்பாகவும் வானம் வெளுப்பாகவும் இருக்கும். அந்தக் கறுப்புத் திட்டுகள் எவ்வளவு கறுப்பு என்று மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து அளப்பது என் வேலை.

பேராசிரியர் தகடுகளையும் கருவியையும் மாட்டு வண்டியில் ஏற்றிப் பூந்தமல்லியில் ஒரு ஓட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்குச் சொந்த ஊர் அம்பத்தூர் என்பதால் இது எனக்குச் சௌகரியம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். பெருக்கல் வகுத்தலுக்குக் கோதண்டராமன் என்பவரை அமர்த்தினார். ரயில்வே கணக்கு இலாகாவில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பேராசிரியர் பட்டணத்தில் இருந்தபடி சனிக்கிழமைதோறும் வந்து எங்கள் இருவரையும் குறை சொல்லிவிட்டுப் போவார்.

முகமூடி

கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடுகிற கடை வைத்திருந்தார் காதர் பாய். யுத்தம் வந்ததும் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் சேர்ந்தது. ஏ.ஆர்.பி. வார்டன். குண்டு விழுந்தால் எங்கே ஓடுவது, விஷ வாயு வந்தால் எப்படி மூக்கை மூடுவது என்று ஊராருக்குச் சொல்லித் தருவது. ஒரு நாள் காலையில் கையில் பட்டை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். படித்த பெண்பிள்ளை என்றால் டீச்சர் என்பது பூந்தமல்லியில் முடிவான விஷயம்.

"டீச்சரம்மா, இந்த ஊட்ல கேஸ் அளக்கறதா ஒரு பேச்சு கீது. நெசமா?"

"ஆமாம் பாய்" என்றேன். இது என் முதல் தவறு. மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது வாசலில் கூட்டம். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், தடி ஊன்றிய கிழவர்கள். எல்லோருக்கும் முகமூடி வேண்டுமாம். என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். கோதண்டராமன் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என்னையும் உள்ளே விட மறுத்துவிட்டார்.

"விஷ வாயு எல்லாம் இல்லை பாய். ஹைட்ரஜன். அதுவும் இங்கே இல்லை, வானத்தில் இருக்கிறது" என்றேன். இது இரண்டாவது தவறு. "மேலேர்ந்து வருதாம்" என்று கூட்டத்தில் ஒரு அம்மாள் அழ ஆரம்பித்தாள். நான் தொண்டை வறளக் கத்தினேன். அது வரவே வராது, அத்தனை தூரம், அங்கிருந்து வெளிச்சம் வந்து சேருவதற்கே பல லட்சம் வருஷம் ஆகிறது என்றேன். காதர் பாய் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சொன்னார்: "எல்லாம் ஊட்டுக்குப் போங்க. அது என் டூட்டி முடிஞ்சப்பறம்தான் வரும்."

கரி பஸ்

பெட்ரோல் கிடைக்காத காலம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரும் பஸ்ஸின் முதுகில் ஒரு தகர உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். அதாவது, ஓட்டப் பார்த்தார்கள். அம்பத்தூரில் ரயில் ஏறி ஆவடியில் இறங்கினால், அங்கே பஸ் எனக்காகக் காத்திருக்கும். நான் ஏறிய பிறகு கரி பற்றுவதற்காக நான் காத்திருப்பேன். பருத்திப்பட்டு தாண்டி லேசாக ஒரு மேடு வரும். அங்கே எல்லோரும் இறங்கி நடப்போம். பஸ் எங்கள் பின்னால் வரும்.

என் வேலையைப் பற்றிக் கண்டக்டருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு நாள் மேட்டில் எல்லோரும் இறங்கியபோது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். புகை உருளையின் மூடியைத் திறந்து, கேஸ் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். முகமெல்லாம் கரி அப்பிக்கொண்டது. இரும ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. நான் அளக்கும் வாயு வேறு, இந்த வாயு வேறு, இதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று இருமலுக்கு நடுவில் சொல்லி முடித்தேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "ஆகாசத்துல கீறதுக்குலாம் பாக்கறீங்க, கண்ணு முன்னால கீற ஏழை வண்டிக்குப் பாக்க மாட்டேன்றீங்களே" என்றார்.

பாட்டரி

தகட்டின் கறுப்பை அளக்க, அதன் பின்னாலிருந்து ஒரு விளக்கு எரிய வேண்டும். அந்த வெளிச்சம் துளிக்கூட ஏறி இறங்கக் கூடாது. ஏறினால் மேகம் மெலிந்துபோகும், இறங்கினால் தடித்துப்போகும். ஊர் மின்சாரத்தை நம்பி இதைச் செய்ய முடியாது. அதனால் மோட்டார் பாட்டரி இரண்டு வைத்திருந்தோம். ஒன்று வேலை செய்யும்போது மற்றது கடைத்தெருவில் மோட்டார் ரிப்பேர் செய்யும் நாகரத்தினத்தின் பட்டறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை, சார்ஜ் ஏறி வந்த பாட்டரி அரை நாளிலேயே படுத்துவிட்டது. அன்று காலையில் எடுத்த அளவுகளையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எடுத்தோம். அடுத்த முறையும் அப்படியே. பாட்டரி கிழடாகிவிட்டது என்று கோதண்டராமன் சொன்னார். எனக்குச் சந்தேகம். பட்டறைக்கு நானே நேரில் போனேன். பாட்டரியைக் காணோம். பக்கத்து டீக்கடையில் ஒரு ரேடியோப் பெட்டி உச்சக் குரலில் யுத்தச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இடமில்லாமல் ஜனங்கள் தெருவரைக்கும் நின்றார்கள். ரேடியோவுக்குக் கீழே, எங்கள் கல்லூரியின் பெயர் பெயிண்டில் எழுதிய பாட்டரி.

நான் நாகரத்தினத்தைச் சத்தம் போட்டேன். ஒரு வார வேலை வீணாகிவிட்டது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "பர்மாவுல சண்டை இன்னிக்கு ஒரு எடத்துல கீது, நாளைக்கு ஒரு எடத்துல கீது. உங்க மேகம் எங்கம்மா போயிடப் போவுது?"

பூசணிக்காயும் அப்பளமும்

அளந்ததெல்லாம் கோதண்டராமனிடம் போகும். லாகரிதம் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போடுவார். முதல் மேகத்துக்கு விடை வந்த அன்று அவர் முகமே சரியில்லை. மறுபடி போட்டார். அதே விடை. ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில் சில பத்து அணுக்கள். அவ்வளவுதான். நாம் மூச்சு விடுகிற காற்றில் அதே புளியங்கொட்டை அளவில் இருக்கும் அணுக்களை எழுத வேண்டுமானால் ஒன்றுக்குப் பின்னால் பூஜ்யங்களைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எந்தப் பம்பை வைத்து உறிஞ்சினாலும் பூமியில் அந்த அளவு வெறுமையை உண்டாக்க முடியாது. சரியான விடைதான் சார், மேகம் அத்தனை பெரிதாக இருப்பதால்தான் நட்சத்திரத்துக்கே போதுமான சரக்கு சேருகிறது என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

அவருக்கு வேறொரு குறையும் இருந்தது. மேகத்தின் அகலம் தகட்டில் தெரிகிறது. ஆழம் தெரிவதில்லை. ஆழம் தெரியாமல் அடர்த்தி சொல்ல முடியாது. அகலம் எவ்வளவோ ஆழமும் அவ்வளவே என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் பேராசிரியர். சனிக்கிழமை அவர் வந்ததும் கோதண்டராமன் எழுந்து நின்று கேட்டே விட்டார். "சார், பூசணிக்காய் மாதிரி உருண்டைன்னு வெச்சா ஒரு விடை. அப்பளம் மாதிரி தட்டைன்னு வெச்சா வேற விடை. ஆழம் நாலுல ஒரு பங்கா குறைஞ்சா அடர்த்தி ரெண்டு பங்கா ஆயிடறது. ரயில்வேயில இப்படிக் கணக்கு எழுதினா வேலை போயிடும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோதண்டம், இத்தனை மேகமும் நம்ம பக்கம் பார்த்து அப்பளமா நிக்கறதுக்கு நாம யாரு?" என்றார்.

வளர்ந்த மேகம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஈரம். ஒரு தகட்டில், நெபுலாவின் தெற்குக் கையில் இருந்த சிறிய மேகம் ஒன்றை அளந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஒரு அளவு வந்தது. புதன்கிழமை சரிபார்த்தேன், கொஞ்சம் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் கூடியது. பாட்டரியை மாற்றினேன். லென்ஸைத் துடைத்தேன். அப்படியும் கூடியது. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில்கூட மெல்லியதாக ஏதோ கிளை விட்டிருந்தது. ஒரு தடவை போட்டோ எடுத்துவிட்ட மேகம் தகட்டுக்குள் வளர முடியாது என்று எந்தப் பைத்தியக்காரிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் மேகம் வளர்கிறது என்றே நம்பியதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பூஞ்சை. தகட்டின் மேல் பூசியிருக்கிற ஜெலட்டின் அதற்கு விருந்து. பெட்டியைத் திறந்து பார்த்தால் இன்னும் சில தகடுகளில் பிடித்திருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோதண்டராமன் பூதக்கண்ணாடியால் அதை வெகுநேரம் பார்த்தார். "நட்சத்திரம் பொறக்கற இடம்னு நீதானேம்மா சொன்னே? ஏதோ ஒண்ணு பொறந்திருக்கு" என்றார்.

அழுக்கு

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மழை விட்டதும் பேராசிரியர் வந்து தகடுகளைப் பரிசோதித்தார். கெட்டுப்போனவற்றை ஒரு பக்கமும் நல்லவற்றை ஒரு பக்கமும் மேஜைமேல் அடுக்கினார். கெட்டவற்றின் நகல்கள் அந்த வெளிநாட்டுக் கூடத்தில் இருந்தன. அதனால் பழைய கண்ணாடி யாருக்காவது உபயோகப்படட்டும் என்றார். யுத்தத்தில் கண்ணாடிக்கு ஏகத் தட்டுப்பாடு. காதர் பாய் கடையில் பல மாதமாகச் சட்டங்கள் கண்ணாடியில்லாமல் தொங்கின. "இடது பக்கம் இருக்கறதைப் பாய்கிட்ட கொடுத்துடுங்க" என்று கோதண்டராமனிடம் சொல்லிவிட்டுப் பேராசிரியர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மேஜைக்கு எந்தப் பக்கம் நின்று இடது என்று சொன்னார் என்பதை யாரும் கேட்கவில்லை. அன்று நான் வரவில்லை. அம்பத்தூரில் என் தம்பிக்கு ஜுரம்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் மேஜைமேல் பூஞ்சைத் தகடுகள் பத்திரமாக இருந்தன. கடைத்தெருவுக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. பாய் கடையில் எங்கள் நல்ல தகடுகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. வடகிழக்குக் கையில் இருந்த ஆகப் பெரிய மேகத்தின் தகடு. சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பிடித்து, மணிக்கணக்காகத் திறந்து வைத்து எடுத்தது. அதற்கு நகல் கிடையாது. அந்த மேகத்தில் பாதியைத்தான் நான் அளந்து முடித்திருந்தேன்.

பாய் உள்ளே காட்டினார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, ஓரத்தை அறுத்துச் சட்டத்தில் பொருத்தியிருந்தார். உள்ளே பட்டாளத்து உடுப்பில் ஒரு பையனின் போட்டோ. அவனுடைய தாயார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகனிடமிருந்து தகவல் வந்து நாளாகிறதாம். படத்தைக் காகிதத்தில் சுற்றி வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடு என்று நான் எந்த வாயால் கேட்பேன்? கேட்டுத்தான் என்ன ஆகும்? அதில் வெறும் கண்ணாடியைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஏன் பாய், அத்தனை தகட்டில் இதைப் போய் ஏன் எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவருக்கு விஷயம் புரியவில்லை. எனக்கு உபகாரம் செய்த முகத்தோடு சொன்னார்: "இருக்கறதுலயே ரொம்ப அழுக்கா இருந்தது இதுதாம்மா. அதான் மொதல்ல இதக் கழுவுனேன்."

பாதி

பேராசிரியர் அந்தச் சனிக்கிழமை வந்து விஷயத்தைக் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதி, அவர் வாயைத் திறந்ததும் திரும்ப வந்தது. கிழக்குப் பாதியை அளந்தாகிவிட்டது, மேற்குப் பாதியும் அதே மாதிரிதான் இருக்கும், பிரகாசத்தை இரண்டால் பெருக்கி மேகம் முழுவதற்கும் ஒரு எண்ணைப் போட்டுவிடலாம் என்றார்.

மாட்டேன் என்றேன். அந்தத் தகட்டை மாதக்கணக்காகப் பார்த்தவள் நான். மேற்குப் பக்கம் கிழக்கு மாதிரி இல்லை. அங்கே ஒரு நாக்கு நீண்டு இருந்தது, அதன் ஓரத்தில் ஒரு பள்ளமும் இருந்தது. அது கண்ணில் நிற்கிறது, ஆனால் அளவு இல்லை. அளக்காததை அளந்ததாக எழுத முடியாது என்றேன். சஞ்சிகைக்கு அனுப்பும் அட்டவணையிலேயே பெரிய மேகம் அதுதான், அதில் பாதியை விட்டால் கட்டுரையே முடமாகிவிடும் என்றார் அவர். முடமாகட்டும் என்றேன். அப்படியே நடுக்கூடத்தில் நின்றுகொண்டு இருவரும் சத்தம் போட்டுக்கொண்டோம். கோதண்டராமன் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். ஒரு பேராசிரியரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும்போது இனி இங்கே வேலை இருக்காது என்றே நினைத்தேன். கரி பஸ்ஸில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. முகம் அப்படி இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். அட்டவணையை என் முன்னால் வைத்தார். பெரிய மேகத்துக்கு நேரே ஒரு சின்ன நட்சத்திரக் குறி. கீழே "கிழக்குப் பாதி மட்டும் அளக்கப்பட்டது" என்று ஒரு வரி. நான் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "இந்த வாயு எவ்வளவு மெல்லிசுன்னு கண்டுபிடிச்சுட்டோம் ரங்கநாயகி. உன் பிடிவாதம் எவ்வளவு கெட்டின்னு அளக்கத்தான் என்கிட்ட கருவி இல்லை" என்றார்.

அச்சு

யுத்தம் முடிந்தது. கருவி பட்டணத்துக்குத் திரும்பிப் போயிற்று. கட்டுரை கப்பலில் போய், வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அச்சாகித் திரும்பி வந்தது. எனக்கும் ஒரு பிரதி கிடைத்தது. அம்பத்தூர் வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஊரில் யார் கேட்டாலும் "பொண்ணு டீச்சர்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தவர் அவர். கையைக் கழுவிவிட்டு வந்து சஞ்சிகையை வாங்கி, என் பெயர் எங்கே என்று தேடினார்.

கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், அளவுகளை எடுத்து உதவியவர் என்று போட்டிருந்தது. மிஸ்டர் ரங்கநாயகி. அத்தனை மாதம் கண் எரிய உட்கார்ந்ததற்கு ஒரு வரி, அந்த வரியிலும் நான் ஆண்பிள்ளை. நான் அப்பா கையிலிருந்து அதைப் பிடுங்கி மேஜைமேல் வீசினேன். மூன்று வருஷக் கோபமும் ஒன்றாக வந்தது. அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்பா மட்டும் நிதானமாகச் சஞ்சிகையை எடுத்து, மடங்கிய ஓரத்தை நீவிவிட்டார். அட்டவணைப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"பேர எவனோ தப்பா போட்டுட்டான், வுடு. நீ அளந்தது சரியா வந்துகீதா பாரு" என்றார்.

பார்த்தேன். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. பெரிய மேகத்துக்கு நேரே நட்சத்திரக் குறி இருந்தது. கீழே அந்த வரியும் இருந்தது. "சரியாத்தான் கீதுப்பா" என்றேன்.

கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சரியாகச் சொல்வதற்கு, எல்லாம் இருக்கிற இடத்தில் இத்தனை பேரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்டுபிடித்த ஒரே விதி.